பின்சுவரில் இருந்த ஐந்து விமானிகள்

எலும்பு கழுவுவதுதான் என் வேலை என்று சொன்னால், எதிரில் இருப்பவர்கள் தேநீர்க் கோப்பையைக் கொஞ்சம் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்வார்கள். இத்தாலியின் பலேர்மோ நகரத்தில் பத்தொன்பது வருடம் அந்த வேலையைத்தான் செய்தேன். ஊருக்கு எழுதிய கடிதங்களில் 'கோயில் துப்புரவு வேலை' என்று எழுதினேன். அது முழுப் பொய் இல்லை. துப்புரவுதான், கோயிலுக்குச் சொந்தமான இடம்தான்.

போன மாதம் அங்கே புதிய ஏற்பாடு ஒன்று வந்ததாம். இனிப் பழைய எலும்புகளைக் கழுவுவதில்லை, மொத்தமாக எரிக்க அனுப்பிவிடுவார்களாம். இப்போது அங்கே வேலை செய்யும் எங்கள் சனத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிய என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "அன்ரி, பின்சுவர் நிண்ட இடத்துக்கு ஒருத்தரும் தனியப் போகினம் இல்லை. அங்கை என்ன நடந்தது? நீங்கள்தானே அப்ப இருந்தனீங்கள்?" என்று கேட்டார்கள். ஓம், நான்தான் இருந்தேன். கோயில் வாசலில் நின்று சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, எழுதித் தாறன் என்றேன். சொன்ன பாவத்துக்கு எழுதுகிறேன்.

எங்கள் ஊர் யாழ்ப்பாணக் கரையோரத்தில் ஒரு கத்தோலிக்கக் கிராமம். கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்ததால் எனக்கு இங்கிலிஷ் கொஞ்சம் வரும். சண்டை தொடங்கிய பிறகு பலேர்மோவுக்கு வந்து, வியா மக்வேதா என்ற தெருவில் ஒரு மாடி வீட்டில், சிஞ்ஞோரா என்று மரியாதையாகக் கூப்பிடும் வயதான அம்மா ஒருவரைப் பார்த்துக்கொண்டேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் காலமானார். சொந்தக்காரர்கள் தொடப் பயந்து கூடத்தில் நின்று அழுதார்கள். நான்தான் குளிப்பாட்டி, தாடையைக் கைலேஞ்சியால் கட்டி, விரல்களில் செபமாலையைச் சுற்றினேன். பெட்டிக்கு அளவெடுக்க வந்த மயானப் பொறுப்பாளர் வாசலில் நின்று முழுவதையும் பார்த்தார். போகும்போது, "உங்கடை கை நடுங்கேல்லை" என்றார். அடுத்த கிழமை அந்த மயானத்தில் எனக்கு வேலை கிடைத்தது. எங்கள் சனம் கூடி இருந்த சீசா என்ற பகுதியில் இருந்து அங்கே ஒரே பஸ்.

அவர்தான் டொன் கார்மெலோ. பழைய பக்திச் சபை ஒன்றின் மயானம் அது. இந்த ஊரில் நிறையப் பேரைச் சுவரில்தான் அடக்குவார்கள். சுவர் முழுக்க அடுக்கடுக்காக அறைகள், ஒவ்வொரு அறைக்கும் பளிங்கு மூடி, மூடியில் பெயரும் படமும். பல வருடம் போனதும் அறையைத் திறந்து, எலும்புகளை எடுத்துக் கழுவி, சிறிய தகரப் பெட்டியில் வைத்து, குடும்பத்து ஆட்களோடு ஒன்றாக வைப்பார்கள். திறப்பது டொன் கார்மெலோவின் வேலை. கழுவுவது என்னுடையது. முதல் மூன்று மாதம் பூச்சாடியும் பளிங்கும் மட்டும் துடைக்க விட்டார். அதுதான் என் பயிற்சி. அதைப்பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

ஆனால் அந்த மனுசனைப் பற்றி எழுதத்தான் வேண்டும். அப்போதே அறுபதைத் தாண்டியவர். நெருப்பாய் எரிக்கும் கோடையிலும் கறுப்புக் கழுத்துப்பட்டி கட்டியிருப்பார். என்னை ஒரு நாளும் 'சிஞ்ஞோரா பிலோமினா' என்பதைத் தவிர வேறு விதமாகக் கூப்பிட்டதில்லை. அவர் பேசியது இத்தாலியன். நான் அதை எங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன், ஏனென்றால் நினைவில் அவர் குரல் எனக்கு இப்போது அப்படித்தான் கேட்கிறது.

ஓர் அறையைத் திறக்கும் முன், விரல் முட்டியால் பளிங்கில் மூன்று முறை தட்டுவார். உள்ளே இருப்பவரின் பெயரை முழுதாகச் சொல்லுவார். பிறகு உளியைக் கையில் பிடித்தபடி சும்மா நிற்பார். முதல்நாள் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"எதைப் பாத்துக்கொண்டு நிக்கிறீங்கள்?" என்று கேட்டேன்.

"உள்ளையிருந்து வாசலுக்கு வர நேரம் வேணும்தானே," என்றார். "இவ வயசான மனுசி."

குழந்தையின் அறை என்றால் கொஞ்ச நேரம்தான் நிற்பார். குழந்தைகள் ஓடி வந்துவிடுமாம். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். ஒரு மாதம் போனதும், அவர் நிற்கும்போது நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கினேன்.

எடுப்பதற்கும் முறை இருந்தது. காலில் தொடங்க வேண்டும். நித்திரை கொள்ளுகிறவரைத் தலையில் தொட்டு எழுப்பக்கூடாது என்பார். ஒவ்வொரு எலும்பையும் மென்மையான தூரிகையால் துடைத்து, ஸ்பிரிற்றில் நனைத்த துணியால் கழுவி, வெள்ளைத் துணியில் நிழலில் காயவிட வேண்டும். பெயரைப் பென்சிலால் எழுதிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும், மை அழிந்துபோகும். தலை கடைசியாக வரும். எல்லாவற்றுக்கும் மேலான சட்டம், மேசையில் ஒரு நேரத்தில் ஒரு ஆள்தான். ஒருவர் காய்ந்து பெட்டிக்குள் போகும்வரை அடுத்தவரின் அறையைத் தட்டவே மாட்டார். நான் என் பங்குக்கு ஒவ்வொருவருக்கும் கழுவி முடிய, இறந்தவர்களுக்கான நித்திய இளைப்பாற்றிச் செபத்தைத் தமிழில் சொல்லுவேன். யாரும் கேட்டுச் சொன்னதில்லை. சொல்லாமல் மூட மனம் வராது.

இனிப் பின்சுவர். மயானத்தின் கடைசியில், சைப்பிரஸ் மரங்களுக்குப் பின்னால் ஒரு பழைய சுவர் நின்றது. அதன் கீழ் வரிசையில் ஐந்து மூடிகள். பெயர் இல்லை, படம் இல்லை. ஒரு சிலுவையும் ஒரே வரியும் மட்டும்: 'கடல் தந்த விமானி'. இரண்டாம் உலக யுத்தத்தில் இரவிரவாகத் துறைமுகத்துக்குக் குண்டு போட வந்த இங்கிலாந்து விமானம் ஒன்று குடாவில் விழுந்ததாம். அடுத்தடுத்த நாட்களில் ஐந்து உடல்கள் கரை ஒதுங்கின. சபைக்காரர் எடுத்து அடக்கினார்கள். ஆரென்று எழுதி வைத்த தாள்கள் பிறகு வந்த இன்னொரு குண்டில் எரிந்துபோயின.

வெயில் நன்றாக விழும் சுவர் அது. ஆனால் மயானத்துப் பூனைகள் ஒன்றும் அங்கே படுப்பதில்லை. சுவரின் அடியில் எப்போதும் மெல்லிய மணல் கிடக்கும். கடற்கரை மணல். மயானத்துக்கும் கடலுக்கும் நல்ல தூரம். காலையில் கூட்டி அள்ளுவேன். மூன்றாம் நாள் பார்த்தால் திரும்பவும் ஒரு கோடாகக் கிடக்கும். டொன் கார்மெலோவிடம் சொன்னேன். "கூட்டுங்கோ" என்றார், அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் அந்தச் சுவர் ஈரத்தில் சரியத் தொடங்கியது. இடிக்காமல் முடியாது என்றானது. வெளிநாட்டில் போர்க் கல்லறைகளுக்குப் பொறுப்பான அலுவலகத்துக்குச் சபை எழுதியது. இப்போது என்றால் அவர்களே ஆள் அனுப்பித் தோண்டுவார்கள். அப்போது, நீங்களே எடுத்துக் கழுவி வையுங்கள், நாங்கள் வந்து பொறுப்பெடுத்துப் போர்வீரர் கல்லறையில் அடக்குகிறோம் என்று பதில் வந்தது. கூடவே ஐந்து பெயர்கள் வந்தன. எந்தப் பெயர் எந்த அறையில் என்று யாருக்கும் தெரியாது. ஆள் நிச்சயம் என்றால் தனிக் கல்லில் பெயர் வெட்டுவார்களாம். நிச்சயம் இல்லையென்றால் 'ஒரு விமானி' என்று மட்டும்தான்.

அந்த உறைக்குள் இன்னொரு கடிதமும் இருந்தது. ஐந்து பேரில் பீற்றர் என்பவரின் அக்கா டொறத்தி எழுதியது. தம்பிக்கு அப்போது இருபத்தொரு வயது. சின்னவனாக இருந்தபோது அப்பிள் மரத்தால் விழுந்து இடது முன்கையை முறித்துக்கொண்டான், சரியாகப் பொருந்தாமல் எலும்பில் ஒரு முடிச்சு விழுந்துவிட்டது, அதைப் பார்த்தால் கண்டுபிடிக்கலாமா என்று கேட்டிருந்தார். அவனுக்கென்று ஒரு கல், அதில் அவன் பெயர், இதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை என்று முடித்திருந்தார். டொன் கார்மெலோ அதை என்னைக் கொண்டு இரண்டு தரம் வாசிப்பித்தார்.

எனக்கு அந்தக் கடிதம் பிடிக்கவில்லை. மனதில் பட்டதை மறைத்து என்ன பயன்? குண்டு போடப் போனவன்தானே என்று நினைத்தேன்.

திறந்த நாள் ஷிரோக்கோ அடித்தது. ஆபிரிக்காவில் இருந்து வரும் அந்தச் சூட்டுக் காற்றில் வானம் மஞ்சளாகக் கிடந்தது. டொன் கார்மெலோ முதல் மூடியில் மூன்று தட்டுத் தட்டினார். கூப்பிடப் பெயர் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆரெண்டாலும், உங்களைத்தான்" என்றார். பிறகு நின்றார். அவ்வளவு நேரம் அவர் எந்த அறைக்கும் நின்றதில்லை.

"இவைக்கு எங்கடை பாசை விளங்காது," என்று மெல்லச் சொன்னார். "நீங்கள் சொல்லுங்கோ."

"என்னத்தைச் சொல்ல?"

"கதவைத் திறக்கப் போறம் எண்டு."

எனக்கு மனமில்லை. "குட் மோர்னிங்" என்று மட்டும் சொன்னேன், பள்ளிக்கூடத்தில் மதருக்குச் சொல்வது போல. முதல் இரண்டு அறைகளும் சத்தமில்லாமல் திறந்தன. மூன்றாவதில் நான் "குட் மோர்னிங்" சொல்லி முடிய, மூடிக்குப் பின்னால் ஏதோ விழுந்து உருண்டது. கட்டிலில் இருந்து ஒருவர் காலை நிலத்தில் வைப்பது போன்ற சத்தம். கல்துண்டு ஏதாவதாக இருக்கும், சுவர்தான் சரிந்துகொண்டிருந்ததே. ஆனால் டொன் கார்மெலோ காலை அரை அடி பின்னால் வைத்தார்.

"வாறார்," என்றார்.



ஐந்து அறைகளிலும் ஒரே காட்சிதான். யுத்தகாலத்து மலிவுப் பலகை தூளாகியிருந்தது. எலும்புகளைச் சுற்றி மணல். ஐம்பது வருடம் கல்லுக்குள் கிடந்த மணல் கையில் எடுத்தால் ஈரமாக ஒட்டியது. சின்னச் சின்னச் சிப்பிகள் இருந்தன. மூக்கில் அடித்தது சவ வாசனை இல்லை, எங்கள் ஊர்க் கரையில் காலையில் வீசுமே, அந்தக் கடல் வாசனை.

அந்த ஈரத்தால் ஒன்றும் லேசில் காயவில்லை. அலுவலகத்து ஆட்கள் வரும் நாள் நெருங்கியது. டொன் கார்மெலோ தன் சட்டத்தைத் தானே மீறினார். தாங்குகால்களில் நீளப் பலகை போட்டு, ஐந்து வெள்ளைத் துணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். "அஞ்சு பேரும் ஒண்டாய் வந்தவை, ஒண்டாய்க் காயட்டும்" என்றார். நான் ஒவ்வொருவராகக் கழுவினேன். பல்லெல்லாம் இளம் பல். செபம் சொல்லவில்லை. அந்தப் பத்தொன்பது வருடத்தில் செபம் சொல்லாமல் நான் கழுவியவர்கள் அந்த ஐந்து பேர்தான்.

மூன்றாவது ஆளின் இடது முன்கையைத் துடைக்கும்போது விரலில் முடிச்சு தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு. டொன் கார்மெலோவைக் கூப்பிட்டேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தன் விரல் நுனிகளை முத்தமிட்டார். அன்றைக்கே தொலைபேசியில் என்னைப் பேச வைத்தார். மறுமுனையில் டொறத்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, வாறன் என்றார். சனிக்கிழமை காலை நாப்போலி நகரத்தில் இருந்து வரும் கப்பலில் வருவதாக ஏற்பாடானது. மூன்றாவது துணியின் மூலையில் நான் சிவப்பு நூல் கட்டினேன். தம்பி கிடைத்துவிட்டான், தலை முதல் கால் வரை.

இந்த இடத்தில் என் தங்கை றீற்றாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே எழுத முடியாது. குண்டு போடும் விமானத்தை எங்கள் சனம் பொம்மர் என்போம். பொம்மர் வந்தால் பங்கருக்குள் ஓட வேண்டும், வழியில்லாவிட்டால் இருந்த இடத்தில் குப்புற விழ வேண்டும். ஒரு நாள் றீற்றாவும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் பங்கர் வாசலுக்குப் பத்தடி தூரத்தில் நின்றார்கள். அவளுக்குப் பத்தொன்பது வயது. பிறகு மூன்று பெட்டிகள் ஆணி அடித்து மூடி வந்தன. கொண்டுவந்த மனுசன் ஒன்றைக் காட்டி, "இது உங்கடை பிள்ளை" என்று அம்மாவிடம் சொன்னார். சொல்லும்போது அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டமான சேமக்காலையில் அந்தக் குழியின் முன்னால் முழந்தாளிடும் ஒவ்வொரு தரமும், உள்ளே இருப்பது அவள்தானா, அவளில் எவ்வளவு என்ற கேள்விதான் எனக்கு வரும். அவர் இரக்கப்பட்டுத்தான் சொன்னார் என்று தெரியும். அந்த இரக்கத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். வெளியே ஷிரோக்கோ அடித்துக்கொண்டிருந்தது. கழுவும் அறையில் நான் தனியே நின்றேன். ஐந்து பேரும் பலகையில் காய்ந்துகொண்டிருந்தார்கள். சிவப்பு நூல் கட்டிய துணியைச் சரிசெய்யக் குனிந்தேன். அப்போது கேட்டது.

முதலில் காதால் இல்லை, பல்லால் கேட்டது. தாடை அதிர்ந்தது. பிறகு கடல் பக்கமிருந்து அந்தச் சத்தம் தாழ்ந்து வந்தது. எங்கள் சனத்துக்குச் சத்தத்தை வைத்தே ஆளைப் பிடிக்கத் தெரியும். அவ்றோ என்ற விமானம் ஒரு சத்தம், நாங்கள் சகடை என்று பட்டம் வைத்தது ஒரு சத்தம். இது நான் கேட்ட எதுவும் இல்லை, ஆனால் பொம்மர்தான். யோசிக்க நேரமில்லை. நான் பலேர்மோவில் இருக்கிறேன், இங்கே யுத்தம் முடிந்து ஐம்பது வருடம் என்பதெல்லாம் உடம்புக்குத் தெரியவில்லை. குப்புற விழுந்து பலகைக்கு அடியில் பாய்ந்தேன். பாய்ந்த வேகத்தில் தாங்குகாலைக் கட்டிப் பிடித்தேன். அது மடிந்தது.

பலகை சரிந்து, ஐந்து பேரும் என் மேல் விழுந்தார்கள்.

தலையில், முதுகில், கால்களில் எல்லாம் எலும்பு. துணிகள் என்னை மூடின. தலைக்கு மேலே சத்தம் மெல்ல மெல்லக் கடந்து போனது. பங்கருக்குள் அம்மா எங்கள் மேல் கவிழ்ந்து படுத்துக்கொள்வாளே, அப்படி அவர்கள் என் மேல் கிடந்தார்கள். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அந்தக் கணத்தில் எனக்குப் பாதுகாப்பாக இருந்தது. குண்டு போட்டவர்களின் எலும்புக்கு அடியில் கிடந்து, இனிப் பயமில்லை என்று நினைத்தேன்.

டொன் கார்மெலோ ஓடி வந்து வாசலில் நின்றார். "பொம்மர்" என்றேன் தமிழில். பிறகு அவர் பாசையில் சொன்னேன்.

"ஒண்டும் பறக்கேல்லையே, சிஞ்ஞோரா," என்றார். "இந்தக் காத்துக்குக் குருவிகூடப் பறக்காது. நான் வெளியிலைதான் நிண்டனான்."

அவர் என்னை ஏசவில்லை. கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு முழந்தாளில் இருந்தார். கால் எலும்புகளில் தொடங்கினார். பொழுது சாயும்வரை இரண்டு பேரும் நிலத்தில் இருந்து பிரித்தோம். தொடை எலும்புகளை நீளம் பார்த்துச் சோடி சேர்த்தோம். ஆனால் ஐந்து பேரும் ஒரே வயது, ஏறக்குறைய ஒரே உயரம். எந்தத் தலை எந்தத் தோளுக்கு, எந்த விலா எவருக்கு என்று கடவுளுக்குத்தான் தெரியும். நிச்சயமாகத் தெரிந்தது முடிச்சு விழுந்த அந்த ஒரு முன்கை மட்டும். அதை மூன்றாவது பெட்டியில் வைத்து, மிச்சத்தை எங்களால் முடிந்தமாதிரி ஐந்தாகப் பிரித்து நிரப்பினோம்.

நான் வேண்டுமென்று செய்தேனோ என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் இல்லை என்று சத்தியம் பண்ணியிருப்பேன். அவர் கேட்காததால் நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். அவர்களில் எனக்குக் கோபம் இருந்தது. சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், என்னை நானே நம்ப முடியவில்லை.

சனிக்கிழமை டொறத்தி வந்தார். எழுபதைத் தாண்டிய ஒல்லியான பெண். துறைமுகத்தில் இருந்து நேரே வந்ததால் பயணப்பை கையிலேயே இருந்தது. மறுநாள் ஞாயிறு அந்த ஐந்து பேருக்காகவும் மயானத்துச் சிற்றாலயத்தில் நினைவுப் பூசை ஒழுங்காகியிருந்தது. கழுவும் அறையில் ஐந்து தகரப் பெட்டிகளும் மூடி திறந்தபடி வரிசையாக இருந்தன. அவருக்கு இத்தாலியன் தெரியாது, டொன் கார்மெலோவுக்கு இங்கிலிஷ் தெரியாது. நடுவில் நான் நின்றேன்.

"இதிலை ஆர் அவன்?" என்று டொறத்தி கேட்டார்.

டொன் கார்மெலோவுக்கு மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. "மூண்டாவது பெட்டி எண்டு சொல்லுங்கோ," என்றார் என்னிடம். "முழுசா அவர்தான் எண்டு சொல்லுங்கோ."

"கை மட்டும்தானே நிச்சயம்?"

"அம்பது வருசம் காத்திருந்த மனுசிக்குக் கையை மட்டும் குடுக்கேலாது, சிஞ்ஞோரா. அலுவலகத்துக்கும் நான் அப்பிடித்தான் எழுதிக் குடுக்கப் போறன். கல்லிலை பேர் வரும். அவ நிம்மதியாப் போவா."

அதுவரை ஒரு பென்சில் எழுத்தைக்கூடப் பொய்யாக எழுதாத மனுசன். எனக்காகத்தான் எழுதத் துணிந்தார். நான் வாயைத் திறந்தேன். 'மூன்றாவது' என்ற சொல் நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் என் வாயில் வரப்போவது றீற்றாவின் பெட்டியைக் கொண்டுவந்தவர் சொன்ன அதே வசனம் என்பது அப்போதுதான் உறைத்தது. இது உங்கடை பிள்ளை. நான் டொறத்தியின் முகத்தைப் பார்த்தேன். அவர் மூன்றாவது பெட்டியை ஏற்கனவே பார்க்கத் தொடங்கியிருந்தார்.

"நேற்றுக் காலமை பதினொரு மணிவரைக்கும் உங்கடை தம்பி தனியா இருந்தவர்," என்றேன். "நான்தான் கலந்துபோட்டன்."

எல்லாவற்றையும் சொன்னேன். சத்தம், பாய்ந்தது, பலகை, பிரித்தது. இந்தக் கை மட்டும் அவர், மிச்சம் ஆரெண்டு தெரியாது என்றேன். அவர்களைக் கழுவும்போது செபம் சொல்லவில்லை என்பதையும் சொன்னேன். வேண்டுமென்று செய்தேனோ எனக்கே தெரியாது என்றும் சொல்லிவிட்டேன். சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்தது. அவருக்கு வரவில்லை.

டொறத்தி பயணப்பையை நிலத்தில் வைத்தார். "அந்தச் சத்தம் எப்பிடி இருந்தது?" என்று கேட்டார்.

இப்படிக் கேட்பார் என்று நான் நினைக்கவில்லை. "தாழப் போனது," என்றேன். "கடல் பக்கத்தாலை வந்தது."

"எத்தினை எஞ்சின்?"

"ரெண்டு." அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "ஒண்டு சீரா ஓடினது. மற்றது நாலு அடி அடிச்சு ஒரு அடி விட்டது. திரும்பவும் நாலு அடி, ஒரு விடுகை. இருமுற ஆளைப் போலை."

டொறத்தி பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.  தம்பியின் விமானத்தைக் கடைசியாகக் கண்டது கூடப் போன இன்னொரு விமானத்துக்காரராம். ஒரு எஞ்சின் விட்டு விட்டு அடித்தபடி தாழ்ந்து போனதைப் பார்த்ததாக அவர் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தாராம். அம்மா அதை யாருக்கும் காட்டவில்லை. அம்மா செத்த பிறகு இவர் எடுத்து வாசித்துவிட்டு, அலுமாரியில் பூட்டி வைத்தார். பலேர்மோவுக்கு எழுதிய கடிதத்தில் அதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. எங்களுக்கு வந்த கடிதத்தை இரண்டு தரம் வாசித்தவள் நான்தான், எனக்குத் தெரியும்.

 வெளியே காற்று நின்றிருந்தது.

டொறத்தி மூன்றாவது பெட்டிக்குள் கைவிட்டு அந்த முன்கையை எடுத்தார். பெருவிரலால் முடிச்சைத் தடவினார். மூன்றாவதில் வைக்காமல், ஐந்து பெட்டிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடந்தார். "இவனுக்குத் தனிக் கல் கேட்டனான்," என்றார். "அப்பிடிக் குடுத்தால் மற்ற நாலு பேரிலையும் கொஞ்சம் கொஞ்சம் களவெடுத்தது போலை. ஒரே பெட்டியிலை வையுங்கோ. ஒரே கல்லிலை அஞ்சு பேரையும் எழுதச் சொல்லுறன்."

டொன் கார்மெலோ என்னைப் பார்த்தார். "நான் சொன்னதை நீங்கள் சொல்லேல்லை," என்றார்.

"இல்லை."

அவர் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார். கோபமா, ஆறுதலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "அப்ப பெரிய பெட்டி வேணும்," என்று சொல்லிவிட்டுத் தச்சனிடம் போனார்.

நானும் டொறத்தியும் தனியே இருந்தோம். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். சத்தம் கேட்டதும் ஏன் அப்படி விழுந்தாய் என்று கேட்டார். றீற்றாவைப் பற்றிச் சொன்னேன். மூன்று பெட்டிகளைப் பற்றியும் சொன்னேன்.  அந்த முன்கை அவர் மடியிலேயே இருந்தது.

"குண்டு போட்டவன் ஆரெண்டு தெரியுமோ?" என்று கடைசியில் கேட்டார்.

"தெரியாது."

"அவனுக்கும் ஒரு அக்கா இருப்பா," என்றார். எனக்குப் புத்தி சொல்லும் குரல் இல்லை அது. தன்னையே சொல்லிக்கொள்வது போலிருந்தது.

எனக்குக் கோபம் வரவில்லை என்று எழுதினால் பொய். ஆனால் இங்கிலாந்தில் இருந்து, அந்த வயதில், பையைத் தூக்கிக்கொண்டு கப்பல் ஏறி வந்து முன்னால் இருக்கும் பெண்ணிடம் அதைக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

"இருப்பா," என்றேன். "நீங்கள் வந்திட்டீங்கள். அவ இன்னும் வரேல்லை."

டொறத்தி என் கையைப் பிடித்தார். தச்சன் வரும்வரை விடவில்லை.

நான் வேலையை விட்டும் சில வருடங்களாகின்றன. இதை எழுதும் இன்றைக்கும் அந்த மற்ற அக்கா வரவில்லை.